ஆறு பேர வச்சு குறும்படம் எடுக்கப் போறீங்களா? யாருக்கு எந்த வேலைன்னு பிரிக்கது இப்படித்தான்

பாளையங்கோட்டை பக்கம் இப்ப எந்த காலேஜ்ல பாத்தாலும் ரெண்டு மூணு செட்டு பிள்ளைக குறும்படம் எடுக்காங்க. கதை இருக்கு, கேமரா வாடகைக்கு கெடைக்கு, நடிக்க ஆளும் ரெடி. ஆனா மொத நாள் காலைல தாமிரபரணி ஆத்து குறுக்குத்துறை படித்துறைல போய் நின்னுக்கிட்டு "லே, கிளாப் யாருல அடிக்கா?"ன்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாப்பாங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கேமரா, லென்ஸ், எக்ஸ்போஷர் பத்தியெல்லாம் இங்க பேசல, அது உங்களுக்கே தெரியும், ஆள் பிரிக்கத மட்டும் சொல்லுதேன்.

1. பதவி பேர விடுங்க, நேரத்தப் பாருங்க

பெரிய படத்து டைட்டில் கார்ட பாத்து "நீ டைரக்டர், நீ டிஓபி (கேமராமேன்), நீ ஆர்ட்"ன்னு பட்டம் குடுக்க ஆரம்பிச்சா ஆறு பேருக்கு பதினஞ்சு பட்டம் வரும், வேலை நடக்காது. ஒரு நோட்டுல நாலு கட்டம் போடுங்க: ஷூட்டுக்கு முன்னாடி, டேக் (ஒரு ஷாட்ட ஒரு தடவ எடுக்கது) ஓடும்போது, டேக்குக்கும் டேக்குக்கும் நடுவுல, ராத்திரி. எந்தெந்த வேலை எந்தக் கட்டத்துல வருதுன்னு எழுதுங்க. வேற வேற கட்டத்துல வார ரெண்டு வேலைய ஒருத்தன் பாக்கலாம், ஒரே கட்டத்துல வந்தா குடுக்காதீங்க. கல்யாண வீட்டுல காலைல தேங்கா திருவுனவன் மத்தியானம் பந்தி பரிமாறலாம், ஆனா பரிமாறிக்கிட்டே மொய் எழுத முடியாதுல்லா, அதேதான்.

எல்லாருக்கும் டைரக்டர் ஆவணும்னு ஆசை இருக்கும். அதனால ஆளுக்கொரு சீட்டு குடுத்து, பிடிச்ச வேலை ரெண்டு, செத்தாலும் செய்யமாட்டேங்கிற வேலை ஒண்ணு எழுதச் சொல்லுங்க. மூஞ்சிக்கு நேரா கேட்டா எவனும் உண்மைய சொல்லமாட்டான்.

2. ஆறு பேருன்னா நான் பிரிக்க விதம்

டைரக்டர் நடிக்கிறவங்கள மட்டும் பாக்கணும். கேமராக்காரர் லைட்டையும் பாத்துக்கிடலாம். சவுண்டுக்கு தனியா ஒரு ஆள். அசிஸ்டென்ட் டைரக்டர் கிளாப் அடிச்சுட்டு அப்படியே கன்டினியூட்டி (ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் சட்டை, சாமான் எதுவும் மாறாம இருக்கான்னு) பாக்கலாம், ஏன்னா கிளாப் ஆக்‌ஷன் சொல்லுததுக்கு முன்னாலயே முடிஞ்சிரும். அஞ்சாவது ஆள் புரொடக்‌ஷன்: சாப்பாடு, காசு, அனுமதி, கூட்டத்த ஒதுக்குதது, கூடவே ஆர்ட் சாமான். ஆறாவது எடிட்டர், அவர் ஷூட்டுக்கும் வரணும், மெமரி கார்டு காப்பி பண்ணுதது அவர் பொறுப்பு.

கோயிலுக்குள்ள, ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள எடுக்கணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும், "நாங்க ஸ்டூடன்ட்ஸ்"ன்னு சொன்னா விடமாட்டாங்க. ஆத்தங்கரைல குளிக்க வந்தவங்ககிட்ட கேக்காம கேமராவ திருப்பவும் கூடாது. இதெல்லாம் அந்த அஞ்சாவது ஆளு தலைல.

3. சவுண்டு, எல்லாரும் மாட்டுத எடம்

"சவுண்டுதான, கேமரா பக்கத்துல நிக்கவன் பாத்துக்கிடுவான்"னு விட்டா முடிஞ்சுது கத. ஃபோகஸ் பாக்கவனுக்கு கண்ணுதான் வேலை செய்யும், காது அடைச்சிரும். பின்னால ஓடுன பஸ் ஹாரன், காலர் மைக்குல சட்டை உரசுத சத்தம், ஒண்ணுமே அவனுக்கு கேக்காது, எடிட்டிங்ல உக்காரும்போதுதான் கேக்கும். அதுலயும் ஆனி ஆடில செங்கோட்டை கணவா வழியா வார காத்து இருக்கே, மைக்க அப்படியே அறையும். மைக்குக்கு முடி வச்ச உறை போடுங்க, வெறும் ஸ்பாஞ்சு தாங்காது.

அதனால சவுண்டு ஆளுக்கு மூணு விஷயம் எழுதியே குடுத்துருங்க. ஒண்ணு, ஹெட்போன் காதுல இருந்து எறங்கக்கூடாது. ரெண்டு, டைரக்டர் ஓகே சொன்னாலும் "சவுண்டு ஓகே இல்ல, இன்னொண்ணு போவலாம்"னு சொல்ல அவருக்கு உரிமை உண்டு, யாரும் மொறைக்கக்கூடாது. மூணு, ஒவ்வொரு எடத்துலயும் கெளம்புததுக்கு முன்னால எல்லாரையும் வாய மூடச் சொல்லி 30 செகண்டு வெறும் சத்தம் ரெக்கார்டு பண்ணணும். ஆத்துச் சத்தம் படித்துறைல ஒண்ணு, பாலத்துக்கு கீழ ஒண்ணு, வெட்டி ஒட்டும்போது அதுதான் காப்பாத்தும்.

டேக் போடுதப்ப கத்துத வரிசையும் மாறக்கூடாது: சவுண்டு ரோலிங், கேமரா ரோலிங், "சீன் 4 ஷாட் 2 டேக் 3", கிளாப், அப்புறம்தான் ஆக்‌ஷன். கிளாப் போர்டு இல்லன்னா ஒரு தாள்ல நம்பர எழுதி கேமராவுக்கு காட்டிட்டு, வாயால சொல்லி கையத் தட்டுங்க, அது போதும்.

4. கன்டினியூட்டிக்கு நோட்டு போதும்

ஆப்பெல்லாம் இருக்கு, எனக்கு பிடிக்கல. ஷாட் முடிஞ்சதும் ஒரு போட்டோ, நோட்டுல ரெண்டு வரி, அவ்வளவுதான். சட்டைக் கை மடிச்சிருக்கா, டம்ளர்ல காப்பி எவ்வளவு இருக்கு, இதெல்லாம் எல்லாரும் எழுதுவாங்க. ஆத்த மறந்துருவாங்க. பாபநாசம் அணைல தண்ணி தெறந்து விட்டா நேத்து ஹீரோ உக்காந்திருந்த கல்லு இன்னைக்கு தண்ணிக்குள்ள கெடக்கும். ஆத்து சீன ஒரே நாள்ல முடிக்கப் பாருங்க, முடியலன்னா தண்ணி எந்தப் படி வரைக்கும் நின்னுச்சுன்னு போட்டோ எடுத்து வைங்க.

5. கார்டு

நெறஞ்ச கார்ட தனி டப்பால போடுங்க. ரெண்டு எடத்துல காப்பி ஆயி, ஃபைல தெறந்து ஓட்டிப் பாத்த பெறவுதான் ஃபார்மேட். அதையும் எடிட்டர் மட்டும்தான் செய்யணும், வேற எவனும் தொடக்கூடாது. போன்ல எடுத்தா வாட்ஸப்புல வீடியோவா அனுப்பி வாங்காதீங்க, தரம் போயிரும், கேபிள் போட்டு எறக்குங்க. எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வ் இலவச வெர்ஷனே தாராளம், திருட்டு சாஃப்ட்வேர் வேண்டாம்.

அப்புறம் சேத்தது

இத படிச்சுட்டு ஒரு தம்பி "அண்ணே, நாங்க மூணு பேருதான், என்ன செய்ய?"ன்னு கேட்டான். மூணு பேருன்னா கேமரா ஒருத்தர், சவுண்டு ஒருத்தர், டைரக்டரே கிளாப்பும் அடிக்கணும். கதையையும் சுருக்குங்க, ரெண்டு கேரக்டர், ஒரு எடம். டைரக்டரே ஹீரோவா நடிக்கணும்னா நாலாவது ஆள் இல்லாம ஆரம்பிக்காதீங்க. சீன் இல்லாத நடிகர் சும்மா போன நோண்டிக்கிட்டு இருந்தா கைல ஒரு வெள்ளை தெர்மாகோல குடுத்து வெளிச்சத்த திருப்பச் சொல்லுங்க.

இன்னொரு தங்கச்சி சொன்னது எனக்கு தோணவே இல்ல: ஹாஸ்டல் கேட் மூடுத நேரமும், ஊருக்கு கடைசி பஸ் நேரமும் கால் ஷீட்லயே (அன்னைக்கு யாரு எப்ப வரணும்னு எழுதுத தாள்) ஆளாளுக்கு எழுதிரணும்னு. சரியான பேச்சு. அம்பாசமுத்திரம் போவ வேண்டிய பிள்ளைக்கு கடைசி ஷாட்டுல வேலை வச்சா அவ வாட்சையே பாத்துக்கிட்டு நிப்பா. அப்படி ஊருக்கு போறவங்க இருக்க சீன மொதல்ல எடுத்து முடிங்க, ஜங்ஷன்ல பஸ் ஏத்திவிட ஒரு பைக்கையும் சொல்லி வைங்க, பெட்ரோல் காசு புரொடக்‌ஷன் கணக்குல.