ரிவர்ஸ் லூப் வயரிங்: எங்கே வெட்டுவது, எதைத் திருப்புவது

ஒற்றைத் தடத்தின் கடைசியில் ஒரு லூப் போட்டுவிட்டால் போதும், ரயில் சுற்றி வந்து அதே தடத்தில் திரும்பிவிடும். மாடல் ரயிலில் பார்க்கப் பார்க்க அலுக்காத விஷயம் இது. ஆனால் தண்டவாளத்தைப் போட்டு முடித்து கரண்ட் கொடுத்தால் உடனே ஷார்ட் ஆகும். லூப்பில் சுற்றி வருகிற இடது தண்டவாளம் பாயிண்டில் (தடம் பிரியும் இடத்தில்) வலது தண்டவாளத்தோடு போய்ச் சேர்கிறது, பிளஸ்ஸும் மைனஸும் முட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான் காரணம். மார்க்லின் நிறுவனத்தின் எச்ஓ (1:87 அளவு) ரயில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அங்கே இரண்டு தண்டவாளமும் ஒரே போலாரிட்டி, இன்னொன்று நடுவில் இருக்கும் குமிழ்கள் வழியாக வருகிறது. மற்ற எல்லோருக்கும் உண்டு, டிசிசி (தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) வைத்திருந்தாலும் உண்டு.

முதலில் காகிதத்தில் லேஅவுட்டை வரையுங்கள், ஒரு கோடாக இல்லாமல் இரண்டு தண்டவாளத்தையும் தனித்தனியாக. ஒன்றுக்குச் சிவப்பு பென்சில், இன்னொன்றுக்கு நீலம். ஓர் இடத்தில் தொடங்கி எல்லா பாயிண்ட் வழியாகவும் போய்க்கொண்டே இருங்கள், சிவப்பு எங்கே நீலத்தைத் தொடுகிறதோ அங்கே, போலாரிட்டியைத் தனியாகக் கையாள வேண்டிய பகுதியான, ரிவர்ஸ் செக்‌ஷன் ஒன்று இருக்கிறது. முனையில் இருக்கும் லூப் எல்லோர் கண்ணிலும் படும், முக்கோணத் தடமும் இன்ஜினைச் சுழற்றித் திருப்பும் டர்ன்டேபிளும் கூடத் தெரிந்துவிடும். ஓவலுக்குள் குறுக்காக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் தடம்தான் அதிகம் தப்பிவிடுகிறது. அதிலும் வண்டி திசை மாறும், அதிலும் ஷார்ட் ஆகும்.

இடம் தெரிந்ததும் வெட்ட வேண்டும். செக்‌ஷனின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும், ஆக நான்கு வெட்டு. இங்கே நீளம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம், உங்களிடம் இருக்கும் மிக நீளமான ரயில் முழுவதும் செக்‌ஷனுக்குள் அடங்க வேண்டும். இன்ஜின் மட்டும் அடங்கினால் போதாதா என்று கேட்கலாம். பெட்டிகளுக்கு உலோகச் சக்கரம் இருந்தால் போதாது, ஒரே ஒரு சக்கரம் வெட்டின் மேல் ஏறி இரண்டு பக்கத்தையும் தொட்டாலே போலாரிட்டி மாறியிருக்கும்போது ஷார்ட்தான். எச்ஓவில் 26 மீட்டர் நீளமுள்ள நிஜப் பெட்டி சுமார் 30 செ.மீ. வரும். ஐந்து பெட்டியும் ஓர் இன்ஜினும் என்றால் 1.75 மீட்டருக்குப் பக்கம், செக்‌ஷன் 2 மீட்டராவது இருக்கட்டும். 45 செ.மீ. ஆரத்தில் ஒரு முழு வட்டம் 2.8 மீட்டர் வருவதால் லூப்பில் இது தாராளமாக அடங்கும். முக்கோணத்தில்தான் இடிக்கும், அங்கே மூன்று கைகளில் எது நீளமோ அதைச் செக்‌ஷனாக வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளம் போடும்போதே பிளாஸ்டிக் ஜாயினர் (துண்டுகளை இணைக்கும், கரண்ட் கடத்தாத இணைப்பு) மாட்டினால் வேலை சுலபம். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் மெல்லிய டிஸ்க்கால் வெட்டி, இடைவெளியில் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஒட்டி தண்டவாளத்தின் வடிவத்துக்கு அரத்தால் தேய்த்துவிடுங்கள். சும்மா விட்டால் வெயிலில் தண்டவாளம் நீண்டு வெட்டு மூடிக்கொள்ளும், திடீரென்று ஒரு நாள் ஷார்ட் வரும், ஏன் என்றே தெரியாது. பாயிண்டில் இரண்டு தண்டவாளம் குறுக்கிடும் துண்டான ஃபிராக்கைத் தாண்டி வெட்டுங்கள்.

இனி வயரிங். சாதாரண டிசியில் (தண்டவாளத்தின் வோல்டேஜாலேயே வண்டியை ஓட்டும் முறையில்) போலாரிட்டிதான் வண்டி போகும் திசை, அதனால் வண்டி லூப்புக்குள் இருக்கும்போது லூப்பைத் திருப்பினால் வண்டி பின்னால் போய்விடும். திருப்ப வேண்டியது வெளியே இருக்கும் மெயின் லைனை. பவர் பேக்கின் இரண்டு வயரை நேராக லூப்புக்குக் கொடுங்கள். அதே வயர்களிலிருந்து ஒரு கிளை எடுத்து டிபிடிடி (இரண்டு வயரையும் ஒன்றாக மாற்றும், ஆறு டெர்மினல் உள்ள) ஸ்விட்சின் நடு இரண்டு டெர்மினலுக்கும் கொடுங்கள், ஒரு முனையின் இரண்டு டெர்மினலிலிருந்து மெயின் லைனுக்கு வயர் போகட்டும், அந்த இரண்டையும் எதிர்முனை டெர்மினல்களோடு எக்ஸ் போலக் குறுக்காக இணையுங்கள். வண்டி முழுசாக உள்ளே போனதும் பாயிண்டை மாற்றி ஸ்விட்சைத் தட்டினால் நிற்காமலே வெளியே வரும். பவர் பேக்கின் திசையை மாற்றாத வரை லூப்பில் ஒரே பக்கமாகத்தான் சுற்ற முடியும், அது பெரிய குறை இல்லை. பவர் பேக்கிலேயே இருக்கும் திசை ஸ்விட்சை மட்டும் அப்போது தொடாதீர்கள், அது இரண்டையும் சேர்த்துத் திருப்பிவிடும்.

டிசிசியில் கதை வேறு. வண்டியின் திசையை இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் பார்த்துக்கொள்வதால், வண்டி மேலே ஓடிக்கொண்டிருக்கும்போதே லூப்பின் போலாரிட்டியைத் திருப்பலாம், வண்டிக்கு ஒன்றும் தெரியாது. ஷார்ட்டைக் கண்டு போலாரிட்டியைத் தானாகத் திருப்பும் ஆட்டோ ரிவர்சர் வாங்கினால் பஸ்ஸிலிருந்து (தடத்துக்குக் கரண்ட் கொண்டு போகும் முக்கிய வயர்களிலிருந்து) இரண்டு வயர் உள்ளே, செக்‌ஷனுக்கு இரண்டு வயர் வெளியே. வேறு எந்த ஃபீடரும் (தண்டவாளத்துக்குப் போகும் கிளை வயரும்) அந்தச் செக்‌ஷனுக்குள் போயிருக்கக் கூடாது. ரிவர்சரின் ட்ரிப் கரண்ட் (அது செயல்படத் தொடங்கும் கரண்ட் அளவு) லேஅவுட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பூஸ்டரை விடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிவர்சர் திருப்புவதற்கு முன்னாலேயே பூஸ்டர் அணைந்து லேஅவுட் முழுவதும் நின்றுவிடும். 5 ஆம்பியர் பூஸ்டருக்கு ரிவர்சரை 3 ஆம்பியருக்குப் பக்கம் வைக்கலாம். இரண்டு ரிவர்சர் செக்‌ஷன்கள் ஒட்டி வரக் கூடாது, ஒன்று திருப்ப மற்றொன்றும் திருப்பிக்கொண்டே இருக்கும், நடுவில் சாதாரணத் தடம் கொஞ்சம் விடுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் இல்லாமலும் செய்யலாம், லூப் மட்டும் என்றால் எனக்கு இதுதான் பிடிக்கும். டார்ட்டாய்ஸ் மாதிரி பாயிண்ட் மோட்டாரில் இரண்டு செட் கான்டாக்ட் இருக்கும், அவற்றை டிபிடிடி போல இணைத்து லூப்புக்குக் கரண்ட் கொடுத்தால் பாயிண்ட் மாறும்போது போலாரிட்டியும் கூடவே மாறும். வண்டி வெளியே வர பாயிண்டை எப்படியும் மாற்றத்தானே வேண்டும். இரண்டு செட்டும் இதற்கே போய்விடுவதால் கரண்ட் கொடுக்க வேண்டிய லைவ் ஃபிராக்குக்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும்.

வண்டி ஓட்டுவதற்கு முன் ஆட்டோ ரிவர்சரைச் சோதிக்க ஒரு நாணயம் போதும். ஒவ்வொரு வெட்டின் மேலும் ஒரே தண்டவாளத்தின் இரண்டு துண்டையும் தொடும்படி வையுங்கள். ரிவர்சர் ஒருமுறை திருப்பி அமைதியாக வேண்டும், அல்லது ஏற்கெனவே பொருந்தியிருந்தால் ஒன்றும் நடக்காது. பூஸ்டர் அணைந்தால் ட்ரிப் அளவைக் குறையுங்கள். அப்புறம் செக்‌ஷனுக்குள்ளேயே இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள், இது நிஜமான ஷார்ட், செக்‌ஷன் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் ஃபீடர் வயர் மெல்லியதாக இருக்கிறது அல்லது எங்கோ இணைப்பு சரியில்லை, அதைச் சரிசெய்த பிறகே இன்ஜினை ஏற்றுங்கள்.