காணொளிக்கு உரிமைகோரல் வந்தால்

கொழும்பு ஆடிவேல் தேர் செட்டியார் தெருவைக் கடப்பதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினால், அப்போது ஒலிபெருக்கியில் கேட்ட திரைப்பாட்டின் சில விநாடிகளுக்காகவே கன்டென்ட் ஐடி (பிறர் உரிமையுள்ள ஒலி, காட்சிகளைத் தானாகக் கண்டறியும் யூடியூபின் முறை) வழியாக உரிமைகோரல் வரலாம். அது பதிப்புரிமை மீறலுக்காகச் சேனலுக்கு விதிக்கப்படும் எச்சரிக்கைப் புள்ளி (ஸ்ட்ரைக்) அன்று. பெரும்பாலும் காணொளி நீக்கப்படாது, விளம்பர வருமானம் மட்டும் பாட்டின் உரிமையாளருக்குப் போகும். உரிமையாளர், விளம்பரதாரர், பார்வையாளர் மூவருக்கும் பொருந்தும் இந்த ஏற்பாட்டில், படம்பிடித்தவரின் உழைப்பே அதிகம் விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பது என் கருத்து.

ஆகவே, எந்த விநாடிகள் குறிக்கப்பட்டுள்ளன என்பதை முதலில் யூடியூப் ஸ்டூடியோவில் (சேனலை நிர்வகிக்கும் பக்கத்தில்) பாருங்கள். பாட்டு பிறருடையதாயின் அந்தப் பகுதியை வெட்டுங்கள், அல்லது ஒலியை மாற்றுங்கள். உரிய அனுமதி உங்களிடம் இருந்தால் மட்டும் மறுப்புத் தெரிவியுங்கள்; வருமானம் பெறும் சேனலாயின் 5 நாட்களுக்குள் தெரிவிப்பது அவசியம், ஏனெனில் அப்போதுதான் உரிமைகோரிய நாளிலிருந்தே வருமானம் தனியே ஒதுக்கப்படும். உரிமைகோரியவர் 30 நாட்களுக்குள் பதிலளிக்காவிட்டால் உரிமைகோரல் காலாவதியாகும்.