தரகர் மூலம் பழைய வீடு வாங்குகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தாம்பரம் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டைத் தரகர் மூலம் வாங்கி முடித்ததிலிருந்து, தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். பட்ஜெட், வங்கிக் கடன் தகுதி, எந்தப் பகுதி என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டிக்கொண்டிருக்கும் புதிய குடியிருப்பு என்றால் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். அது இங்கே இல்லை.

படி 1: கமிஷனை முதல் நாளே பேசுங்கள்

வீடு பிடித்துப்போன பிறகு பேரம் பேச நமக்கு வாய் வராது. அது தரகருக்கும் தெரியும். வாங்குபவரிடம் 1 முதல் 2 சதவீதம் வரை கேட்பது வழக்கம். விற்பவரிடமும் வாங்குகிறாரா என்று நேராகவே கேளுங்கள். வாங்கினால் குறைக்கச் சொல்ல இடம் உண்டு. பாதித் தொகை ஒப்பந்தத்தன்று, மீதி கிரயம் (விற்பனைப் பத்திரம்) பதிவான பிறகு, இரண்டும் வங்கி வழியாக என்று பேசி, அதை வாட்ஸ்அப்பில் எழுதி அவரிடம் ‘சரி’ வாங்கிக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் ஒப்பந்தத்தன்றே கேட்கும் தரகரை நான் ஏற்க மாட்டேன். பதிவு முடிந்த பிறகும் அவரிடம் ஆக வேண்டிய வேலை இருக்கிறது.

படி 2: தரகர் இல்லாமல் இன்னொரு முறை பாருங்கள்

தரகர் ஞாயிறு காலை வெளிச்சத்தில் அழைத்துப் போவார். நீங்கள் வேலை நாளில் இரவு ஏழு மணிக்குப் போங்கள். வண்டி நிறுத்த இடம், லாரித் தண்ணீர், லிஃப்ட் எல்லாம் அப்போதுதான் தெரியும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். மீட்டர் பலகை இருக்கும் சுவரையும் ஒரு பார்வை பாருங்கள். நான் பார்த்த ஒரு குடியிருப்பில் புதுச் சுண்ணாம்புக்கு அடியிலும் இடுப்பளவில் பழுப்புக் கோடு தெரிந்தது. மீட்டர்களை மட்டும் தலைக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார்கள்.

படி 3: வில்லங்கச் சான்றிதழை நீங்களே எடுங்கள்

ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்தான் வில்லங்கச் சான்றிதழ். எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். தரகர் ஒரு பிளாஸ்டிக் கவரில் நகல்களைக் கொடுத்தார். அதிலிருந்த வில்லங்கத்தில் இரண்டே பதிவுகள், இரண்டும் சுத்தம். ஆனால் தாய்ப் பத்திரத்தில் (அந்தச் சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்) இருந்த சர்வே எண்ணின் உட்பிரிவும் இந்தச் சான்றில் இருந்த உட்பிரிவும் வேறுவேறாக இருந்தன.

காரணம் எளிது. உதாரணமாக 214/3 என்ற நிலம் பிரிந்து 214/3ஏ ஆகும், பிறகு 214/3ஏ2 ஆகும். இப்போதைய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால், பழைய எண்ணில் பதிவான அடமானமோ பாகப்பிரிவினையோ கண்ணில் படாமலே போகலாம். சான்றைப் பார்த்தால் ‘வில்லங்கம் இல்லை’ என்றுதான் இருக்கும்.

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். இப்படிச் செய்யுங்கள்: தாய்ப் பத்திரங்களை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள சர்வே எண், உட்பிரிவு, ஆவண எண், பதிவான அலுவலகம் ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். ஆவண எண்ணும் ஆண்டும் சார் பதிவாளரின் முத்திரைக்குள் இருக்கும்; நகலில் மங்கிவிடும் என்பதால் அசலைக் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு உட்பிரிவுக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். அந்தக் கிராமம் முன்பு வேறு சார் பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும். வரும் பதிவுகளில் உங்கள் மனை எது என்பதை மனை எண்ணையும் நான்கெல்லைகளையும் வைத்து அடையாளம் காணலாம்.

நான் தேடியபோது பழைய எண்ணின் கீழ் உரிமை ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்த பதிவு ஒன்று இருந்தது. விற்பவர் கடனை எப்போதோ கட்டி முடித்துவிட்டார். ஆனால் அதற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யவில்லை. மோசடி ஒன்றும் இல்லை, அசட்டைதான். அந்த ரசீது பதிவாகி வில்லங்கத்தில் ஏறிய பிறகே ஒப்பந்தத்துக்கு உட்கார்ந்தோம். தரகர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

ஒன்று நினைவிருக்கட்டும்: பதிவாகாத உயில், நடந்துகொண்டிருக்கும் பாகவழக்கு போன்றவை வில்லங்கத்தில் தெரியாமல் போகலாம். அதற்குத்தான் அடுத்த படி.

படி 4: வக்கீல் உங்களுடையவராக இருக்கட்டும்

தரகர் ‘நம்ம வக்கீல்’ என்று ஒருவரைச் சொல்வார். வேண்டாம். வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டார் என்பதும் போதாது. அவர் வங்கியின் பணத்துக்குத்தான் காவல்.

படி 5: ஒப்பந்தமும் பணமும்

டோக்கன் அட்வான்ஸ் சிறிய தொகையாக இருக்கட்டும். ஆவணம் சரியில்லை என்றால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். ‘இருபது ரூபாய்ப் பத்திரம் போதும் சார்’ என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கிரயச் செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 5.40 லட்சம். வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) விலையைவிட அதிகமாக இருந்தால் அதன்மேல் கணக்கிடுவார்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தை நீங்கள் பிடித்தம் செய்து, விற்பவரின் பான் எண்ணில் வருமான வரியாகக் கட்ட வேண்டும். இதை எந்தத் தரகரும் நினைவூட்டி நான் பார்த்ததில்லை.

பின்சேர்க்கை: படித்தவர்கள் எழுதியதில் இரண்டு சிக்கல்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, விற்பவர் வெளிநாட்டில் இருப்பது. அவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் மேலே சொன்ன 1 சதவீதக் கணக்கு பொருந்தாது, பிடித்தம் அதிகம். ஆடிட்டரைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். உறவினர் பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்துக் கையெழுத்திடுகிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்றைக் கேளுங்கள். வீடியோ அழைப்பில் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிடுவது இன்னும் நல்லது. இரண்டாவது, விற்பவரின் கடன் இன்னும் முடியாமல் இருப்பது. அப்படியானால் பாக்கித் தொகைக்கு வங்கியிடம் கடிதம் வாங்கி, அந்தக் கடன் கணக்கின் பெயரிலேயே டிடி எடுங்கள். ‘என்னிடம் கொடுங்கள், நான் கட்டிவிடுகிறேன்’ என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படி 6: பதிவுக்குப் பிறகு

மின் இணைப்பு, சொத்து வரி, குடியிருப்போர் சங்கம் மூன்றிலும் பெயர் மாற்ற வேண்டும். விற்பவரின் கையெழுத்து தேவைப்படும் தாள்களைப் பதிவன்றே சார் பதிவாளர் அலுவலக வராந்தாவில் வாங்கிவிடுங்கள். பிறகு அவரைப் பிடிப்பது கடினம். எங்கள் தரகர் மின்வாரிய அலுவலகத்துக்கு அவரே வந்து பெயர் மாற்றத்தை முடித்துக் கொடுத்தார். கமிஷன் பேச்சில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.