சார்ஜர் சிப்ல இன்புட் கரண்ட் ஏற மாட்டேங்குதா? எது புடிச்சு வச்சிருக்குன்னு முதல்ல பாருங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துல இன்னும் விடியறதுக்கு முன்னாடியே பால் எடுக்க மரம் வெட்டப் போறவங்க இருக்காங்க, அவங்க தலையில கட்டுற லைட்டு பேட்டரிய இங்க நிறைய பசங்க சொந்தமாவே 18650 லித்தியம் செல் போட்டு கட்டுறாங்க. அதுல பாதிப்பேரு கேக்குறது ஒரே கேள்விதான்: "அண்ணே, 2 ஆம்ப் செட் பண்ணேன், மீட்டர்ல அரை ஆம்ப்தான் காட்டுது, சிப்பு போச்சா?" பெரும்பாலும் சிப்பு போகல. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட பிக்யூ25895 வச்சு சொல்றேன், ஷோப்பி ஆன்லைன் கடையில வர்ற சில போர்டுல இந்தக் குடும்பத்து சிப்பு இருக்கு.

முதல்ல ஒண்ணு தெளிவாகணும். இன்புட் கரண்ட் வேற, பேட்டரிக்குள்ள போற சார்ஜ் கரண்ட் வேற. இது பக் கன்வெர்ட்டர், அதாவது வோல்டேஜ குறைச்சு கரண்ட கூட்டித் தர்ற சர்க்யூட், 5 வோல்ட் 2 ஆம்ப் உள்ள வந்தா 10 வாட், அதுல ஏறக்குறைய 9 வாட் பேட்டரி பக்கம் போகும், 3.8 வோல்ட்ல அது 2.3 ஆம்ப்புக்கு மேலயே இருக்கும். அதனால யூஎஸ்பி மீட்டர்ல 1.7 காட்டுதுன்னு பயப்பட வேணாம், சார்ஜ் கரண்ட் 2 ஆம்ப்தான் கேட்டிருந்தீங்கன்னா அது சரியான கணக்கு. அப்புறம் டெஸ்ட் பண்ற பேட்டரி 3.6ல இருந்து 3.8 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். 4.2 கிட்ட வந்துட்டா கரண்ட் தானா இறங்கும், 3 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா சிப்பு 128 மில்லிஆம்ப் மாதிரி கொஞ்சமாத்தான் விடும், ரெண்டையும் பாத்து லிமிட்ட குறை சொல்லக்கூடாது.

இப்ப விஷயத்துக்கு வரலாம். இந்த சிப்புல இன்புட்ட புடிக்கிறதுக்கு ஒரு கை இல்ல, பல கை இருக்கு, அதுல எது கம்மியோ அதுதான் ஜெயிக்கும். ரெஜிஸ்டர்னா சிப்புக்குள்ள செட்டிங் எழுதி வைக்கிற 8 பிட் இடம், பிட்ட வலது பக்கம் 0ல இருந்து 7 வரைக்கும் எண்ணணும். ரெஜிஸ்டர் 00ல கீழ் 6 பிட் இன்புட் லிமிட், 100 மில்லிஆம்ப்ல ஆரம்பிச்சு 50, 50ஆ ஏறும். 2 ஆம்ப் வேணும்னா 2000ல 100 கழிச்சு 50ஆல வகுங்க, 38 வரும், ஹெக்ஸ்ல 26. நீங்க இத எழுதிட்டு முடிஞ்சதுன்னு நெனச்சா அங்கதான் மாட்டுவீங்க, ஏன்னா அதே ரெஜிஸ்டர்ல 6வது பிட் 1ஆ இருந்தா ஐலிம்ங்கிற இன்புட் லிமிட் பின்னுல தொங்குற ரெசிஸ்டரும் சேந்து பேசும். அந்தக் கணக்கு 355ஐ ரெசிஸ்டர் ஓம்ஸால வகுக்கிறது. 260 ஓம் இருந்தா 1.37 ஆம்ப் சுமார், அதுக்கு மேல நீங்க என்ன எழுதினாலும் போகாது.

இத கண்டுபிடிக்க புரோகிராம் கோடு எழுத வேணாம், மல்ட்டிமீட்டர் போதும். சார்ஜ் ஆகும்போது ஐலிம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல வோல்டேஜ் பாருங்க. 0.8 வோல்ட் நிக்குதுன்னா அந்த ரெசிஸ்டர்தான் புடிச்சு வச்சிருக்கு. 0.4 இருந்தா ரெசிஸ்டர் விடுறதுல பாதிதான் ஓடுது, குற்றவாளி வேற எங்கயோ இருக்கான். எனக்கு இந்தச் சிப்புல ரொம்பப் புடிச்ச விஷயமே இதுதான், பிரச்சனைய பின்னுலயே வந்து சொல்லிடுது.

அந்த பிட்ட 0 ஆக்கிட்டீங்க, நல்லா ஓடுது, அப்புறம் 40 செகண்டுல திரும்ப பழைய கரண்டுக்கே வந்துடுதா? அது வாட்ச்டாக், சிப்புக்குள்ள இருக்குற காவல் டைமர். சிப்புக்கு கட்டளை எழுதுற மைக்ரோகன்ட்ரோலர் பேசலன்னா சிப்பு சில செட்டிங்க பழையபடி மாத்திடும், ரெசிஸ்டர் பிட்டும் அதுல ஒண்ணு. ரெஜிஸ்டர் 03ல 6வது பிட்டுக்கு அடிக்கடி 1 எழுதிட்டே இருங்க, இல்லன்னா ரெஜிஸ்டர் 07ல 5, 4 பிட்ட ரெண்டையும் 0 ஆக்கி வாட்ச்டாக்க நிறுத்துங்க.

அடுத்தது டி பிளஸ், டி மைனஸ், யூஎஸ்பியோட ரெண்டு டேட்டா லைன். வயர் குத்தினதும் சிப்பு இந்த ரெண்டு லைன பாத்துட்டு சார்ஜர் என்ன ரகம்னு முடிவு பண்ணும், லேப்டாப் போர்ட்டுன்னா 500 மில்லிஆம்ப், ரெண்டும் ஷார்ட்டா இருக்குற சுவர் சார்ஜர்னா 3.25 ஆம்ப், லைனே கனெக்ட் ஆகாம சும்மா தொங்குச்சுன்னா தெரியாத சார்ஜர்னு 500. நீங்க முன்னாடியே எழுதி வச்ச 2 ஆம்ப்ப இது அழிச்சிடும். டைப்-சி சாக்கெட்ட பவருக்கு மட்டும் போட்டு டேட்டா லைன விட்டுட்ட போர்டுல இதுதான் நிறைய நடக்குது. டைப்-சில இன்னொண்ணு, சாக்கெட்டுல இருக்குற சிசி1, சிசி2 பின்னு ரெண்டுக்கும் தனித்தனியா 5.1 கிலோஓம் கிரவுண்டுக்கு இல்லன்னா சி டு சி கேபிள்ல வோல்டேஜே வராது.

எழுதினதும் ஓடுறதும் ஒண்ணான்னு ரெஜிஸ்டர் 13ல பாருங்க. கீழ் 6 பிட்ல நெசமா இப்ப நடக்குற லிமிட் இருக்கும், 6வது பிட் 1னா கரண்ட் லிமிட் புடிச்சிருக்கு, 7வது பிட் 1னா வோல்டேஜ் இறங்குறதால சிப்பே கரண்ட குறைக்குது. இந்த ரெண்டாவதுதான் இங்க ரொம்ப ஜாஸ்தி.

காரணம் கேபிள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில 3 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்குற 2 மீட்டர் வயருக்குள்ள பவருக்கு 28 கேஜ் கம்பிதான் (நம்பர் கூடினா கம்பி மெலிசு) இருந்தா, போக வர சேத்து 0.85 ஓம் சுமார் வரும். சிப்பு 4.4 வோல்ட் பக்கம் வந்தா கரண்ட குறைக்க ஆரம்பிச்சிடும், 5ல இருந்து 4.4க்கு 0.6 வோல்ட்தான் இடம், அதனால 0.7 ஆம்ப்லயே நின்னுடும். அதே இடத்துல 24 கேஜ்ல 1 மீட்டர் போட்டா 0.17 ஓம் தான், 2 ஆம்ப்ல 0.34 வோல்ட்தான் விழும். ரெஜிஸ்டர நோண்டுறதுக்கு முன்னாடி ஒரு நல்ல குட்டை கேபிள மாத்திப் பாருங்க, தயவு செஞ்சு. போர்டு பக்கத்துல விபஸ்லயே, அதாவது யூஎஸ்பி பவர் உள்ள வர்ற இடத்துலயே, மீட்டர் வச்சு அளங்க, அடாப்டர் பக்கம் 5.1 காட்டுறது ஒண்ணும் சொல்லாது.

லைன் வீட்டு கூரையில சின்ன சோலார் தகடு வச்சு சார்ஜ் பண்றவங்களுக்கு ரெஜிஸ்டர் 13ல 7வது பிட் காட்டுற இந்தக் குறைப்பு நல்லது. மேகம் வந்தா தகடு வோல்டேஜ் படுத்துடாம சிப்பு தாங்கிக்கும். 6 வோல்ட் தகடுக்கு ரெஜிஸ்டர் 0டில ஹெக்ஸ் 96 எழுதி 4.8ல நிறுத்திப் பாருங்க, அப்புறம் உங்க தகடுக்கு ஏத்த மாதிரி ஒரு 0.1 வோல்ட்டா ஏத்தி எங்க பவர் ஜாஸ்தியோ அங்க விடுங்க.

டப்பாக்குள்ள அடைச்சு வெயில்ல வச்சா 0இ ரெஜிஸ்டர்ல 7வது பிட் 1 ஆயிடும், அது சூடு, லிமிட்ட ஏத்தி பிரயோஜனம் இல்ல, காத்து போக வழி பண்ணுங்க.

லேப்டாப் போர்ட்டுல 500 வந்தா அத 3 ஆம்ப்புக்கு ஏத்தி விடாதீங்க, போர்ட்டு போகும். கடைசியா எழுதுற நேரம். ரெஜிஸ்டர் 0பில 2வது பிட் (பவர் சரியா வந்துடுச்சுன்னு சொல்றது) 1 ஆனதுக்கு அப்புறம்தான் உங்க லிமிட்ட எழுதணும், ஒவ்வொரு தடவ வயர் கழட்டி மாட்டும்போதும் திரும்ப எழுதணும். ஸ்டார்ட்அப்ல ஒரு தரம் மட்டும் எழுதுற கோடு இருந்தா அத இன்டரப்ட் பின்னு (ஏதாவது மாறினா சிப்பு தட்டிச் சொல்ற பின்னு) ஃபங்ஷனுக்குள்ள மாத்திடுங்க, இல்லன்னா மேசையில டெஸ்ட் பண்ணும்போது ஓடும், தோட்டத்துல வயர புடுங்கி மாட்டினதும் அரை ஆம்ப்புக்கு வந்துடும்.