சங்கத்தின் ஐந்தாண்டுக் கணக்கை ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் முறை

சிங்கப்பூரில் இயங்கும் சிறிய தமிழ் அமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும் வரவு செலவு அறிக்கை பெரும்பாலும் கடந்த ஓராண்டோடு நின்றுவிடுகிறது. அமைப்பின் பணம் வளர்கிறதா, கரைகிறதா என்பது அதில் தெரியாது. ஆகவே புதிதாகப் பொறுப்பேற்கும் பொருளாளர், கடந்த ஐந்தாண்டு அறிக்கைகளையும் திரட்டி ஒரே தாளில் ஆண்டுவாரியாக எழுதிக்கொள்வது நல்லது. அறக்கொடையாகப் பதிவு பெற்ற அமைப்பு, கணக்கு ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டமாதலால், அங்கே அவை கட்டாயம் இருக்க வேண்டும்.

வரவைச் சந்தா, பொது நன்கொடை, மானியம், குறிப்பிட்ட நோக்கத்திற்கென வந்த பணம் எனப் பிரித்தெழுதுங்கள். இந்தப் பிரிவினையைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வங்கியில் 40,000 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 28,000 வெள்ளி மாணவர் உதவித்தொகைக்கென்றே தரப்பட்டிருந்தால், வாடகைக்கும் இதர நிர்வாகச் செலவுக்கும் எடுக்கக்கூடியது 12,000 வெள்ளி மட்டுமே. நிகழ்ச்சி எதுவும் நடத்தாவிட்டாலும் மாதம் 1,500 வெள்ளி செலவாகும் என்றால், அந்தக் கையிருப்பு 8 மாதங்களுக்குத்தான் தாங்கும். இதே கணக்கை ஐந்தாண்டுகளுக்கும் போடுங்கள். 14, 12, 11, 9, 8 என்று மாதங்கள் இறங்கிக்கொண்டே வந்தால், எந்த ஓராண்டிலும் பற்றாக்குறை பெரிதாகக் கண்ணில் படாமலேயே சேமிப்பு கரைந்து வருகிறது என்று பொருள். சந்தாவை உயர்த்துவதா, செலவைக் குறைப்பதா என்று செயற்குழு அப்போதே பேசியாக வேண்டும்.

நிதியாண்டு மார்ச் 31இல் முடியும் அமைப்புகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ் மொழி மாதம் ஏப்ரலில் வருவதால், அரங்கத்திற்கான முன்பணம் பழைய ஆண்டிலும், நிகழ்ச்சி முடிந்து கணக்கு ஒப்படைத்த பின் கிடைக்கும் மானியம் புதிய ஆண்டிலும் விழுகின்றன. பணம் கைமாறிய நாளை மட்டும் பார்த்து எழுதினால், ஓராண்டு நட்டமாகவும் அடுத்த ஆண்டு உபரியாகவும் தோன்றும்; இரண்டும் உண்மையல்ல. மார்ச்சில் கொடுத்ததை முன்பணமாகக் காட்டிவிட்டு, நிகழ்ச்சி நடந்த ஆண்டிலேயே அதன் வரவையும் செலவையும் சேர்த்தெழுதுங்கள்.

எழுதி முடித்ததும் ஒவ்வோர் ஆண்டின் இறுதி இருப்பையும் வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். அறக்கொடைகளுக்கான நிர்வாக நெறிமுறை, பொருளாளர் தொடர்ந்து 4 ஆண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பில் நீடிக்கக்கூடாது என்கிறது. ஐந்தாண்டுக் கணக்கு எந்த ஒருவரின் நினைவிலும் முழுமையாக இராது என்பதால், இந்தத் தாளை ஆண்டுதோறும் புதுப்பித்து, பொறுப்பை ஒப்படைக்கும் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.