மெஷின் பூட்ட வந்தவரைத் தேடுதல்: இத்தாலியப் பதிவேடுகளும் மரபணுச் சோதனையும்

1970களில் பச்சைத் தோலும் அரைப்பதத் தோலும் வெளிநாடு போவதை அரசு கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யுமாறு தூண்டியபோது, வட ஆற்காட்டு டேனரிகளில் இத்தாலிய இயந்திரங்கள் வந்து இறங்கின. அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்ட வந்தவர்கள் சில வாரங்களோ சில மாதங்களோ தங்கிவிட்டுத் திரும்பினார்கள். அப்படித் திரும்பிய ஒருவரின் மகன் என் நண்பர். 1976இல் பிறந்து, பேரணாம்பட்டில் சித்தியிடம் வளர்ந்தவர். தாயார் கண்மூடும் முன் சொன்னது இவ்வளவுதான்: “உங்கப்பா இத்தாலிக்காரர், மெஷின் பூட்ட வந்தவரு. ஜானின்னு கூப்பிடுவாங்க.” அந்த ஒரு வாக்கியத்திலிருந்து ஒரு குடும்பத்தை எட்டிய வழியை, அதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் குடியாத்தத்தில் பத்திர எழுத்தராக இருந்தவன். ஒரு மனைக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்து, மூலப்பத்திரம்வரை பின்னால் போய், அங்கிருந்து வாரிசுகள் வழியே இன்றைய உரிமையாளர்வரை இறங்கி வருவதுதான் என் தொழில். பெற்றவரைத் தேடுவதும் ஏறத்தாழ அதே வேலைதான். மரபணுச் சோதனை மூலப்பத்திரத்தில் கையெழுத்திட்ட முன்னோர் தம்பதியைக் காட்டும். அவர்களிடமிருந்து இறங்கி வர இத்தாலியப் பதிவேடு வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தேடுபவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

முதலில் ஊரைப் பிடிக்க வேண்டும். இத்தாலியில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் கொமூனே என்னும் உள்ளாட்சி வாரியாகவே எழுதப்பட்டு அங்கேயே வைக்கப்படுகின்றன. ஊர் தெரியாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது, ‘வேலூர் முருகேசன்’ என்று உறையில் எழுதித் தபாலில் போடுவதற்குச் சமம். ஜானி என்ற பெயரும் எங்களுக்கு உதவவில்லை. ஜொவான்னி என்பதன் சுருக்கமான அந்தப் பெயர் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். உதவியது இயந்திரம்தான். தாயார் வேலை பார்த்த டேனரியின் பின்கட்டில், தோலில் ஒட்டிய சதையை வழித்தெடுக்கும் ஃபிளெஷிங் மெஷின் ஒன்று, பழையது, துருவேறிக் கிடந்தது. அதன் பக்கவாட்டில் ஆணியறைந்திருந்த பித்தளைத் தகட்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தபோது, தயாரித்த ஊரின் பெயர் தெரிந்தது. வெனெத்தோ மாநிலத்து விச்சென்சா மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. அம்மாவட்டத்து ஆர்சிஞ்ஞானோ, தோஸ்கானாவின் சாந்தா குரோச்சே, தெற்கே சொலோஃப்ரா ஆகியவை இத்தாலியின் பேர்பெற்ற தோல் ஊர்கள். தகடு காட்டுவது தயாரித்த ஊரைத்தானே தவிர, வந்தவரின் சொந்த ஊரை அல்ல. ஆனாலும் தேட வேண்டிய பரப்பு ஒரு நாட்டிலிருந்து ஒரு மாவட்டமாகச் சுருங்கியது.

அடுத்தது மரபணுச் சோதனை. எல்லா நிறுவனங்களும் இந்திய முகவரிக்குச் சோதனைப் பெட்டி அனுப்புவதில்லை. நண்பர் டொராண்டோவில் உள்ள மைத்துனர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது எச்சில் மாதிரி கொடுத்தார். எடுக்க வேண்டியது, தாய்வழி, தந்தைவழி இரண்டு பக்கத்து உறவுகளையும் காட்டும் ஆட்டோசோமல் சோதனை. ஆன்செஸ்ட்ரி நிறுவனத்திடம் 2 கோடிக்கும் அதிகமானோரின் முடிவுகள் உள்ளன; ஐரோப்பிய உறவுகளுக்கு மைஹெரிட்டேஜ் பயன்படும். ஆண்மகன் தந்தையைத் தேடுவதானால் ஒய் குரோமோசோம் சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். இத்தாலியில் குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் தந்தைவழியே சேர்ந்து வருவதால், சில சமயம் அந்தச் சோதனை குடும்பப் பெயரையே காட்டிக்கொடுக்கும்.

முடிவில் வரும் நாட்டு விழுக்காடுகளை ஒரு முறை பார்த்தால் போதும். ஏறத்தாழ பாதி இத்தாலி என்றால் தந்தை இத்தாலியர். கால் பங்குதான் என்றால் தாத்தாவோ பாட்டியோ இத்தாலியராக இருக்கலாம். உண்மையான வேலை உறவினர் பட்டியலில் இருக்கிறது. இருவருக்கிடையே பொதுவாக உள்ள மரபணுவின் அளவு சென்டிமார்கன் என்ற அலகில் தரப்படும். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் ஏறத்தாழ 3,400, தாயோ தந்தையோ மட்டும் பொதுவான உடன்பிறப்புக்கு 1,750, பெரியப்பா, சித்தப்பா, அத்தை பிள்ளைகளுக்கு 870, பூட்டன் பொதுவாக உள்ள இரண்டாம் நிலை உறவுக்கு 230, அதற்கும் ஒரு தலைமுறை மேலே போனால் 70 சொச்சம் என்பவை சராசரிகள். இவற்றில் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால், ஓர் எண்ணை வைத்து ஓர் உறவைச் சாதிக்கக் கூடாது.

இங்கே நம் பக்கத்துச் சிக்கல் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கத்தால், நம் குடும்பங்களில் இந்த எண்கள் ஊதிப்போய், தூரத்து உறவையும் நெருங்கிய உறவுபோலக் காட்டும். ஆனால் தாய் தமிழர், தந்தை இத்தாலியர் என்ற நிலையில் பட்டியல் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடுவதால், தாய்வழிக் குழப்பம் தந்தைவழித் தேடலைத் தொடுவதில்லை. மலையோரத்து இத்தாலியச் சிற்றூர்களிலும் பல தலைமுறைகளாக ஊருக்குள்ளேயே பெண் எடுத்திருப்பார்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நண்பரின் பட்டியலில் இத்தாலியில் வசிப்பவர் ஒருவர்கூட முன்வரிசையில் இல்லை. இதில் மனம் தளர வேண்டியதில்லை; சோதனை எடுப்பவர்களில் பெரும்பாலோர் வெளியேறிய இத்தாலியரின் வழிவந்தவர்களே. வெனெத்தோ மக்கள் 1875 முதல் பிரேசிலின் ரியோ கிராந்தே தோ சூல் மாநிலத்தில் கூட்டம் கூட்டமாகக் குடியேறினார்கள். நண்பருக்கு 60 முதல் 90 சென்டிமார்கன்வரை பொருந்திய மூவரும் அங்குள்ள காஷியாஸ் தோ சூல் நகரத்தார். மூவரின் குடும்ப மரங்களும் ஒரே தம்பதியில் போய்ச் சேர்ந்தன. ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்மணி 240 சென்டிமார்கன் பொருந்தினார். அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போருக்குப் பின் மெல்போர்னுக்குக் கப்பலேறியவர், அதே தம்பதியின் பேரன். இவ்வாறு ஒன்றோடொன்று பொருந்துபவர்களைக் குழுவாக்கி, குழுவுக்குப் பொதுவான முன்னோரைக் கண்டுபிடிப்பதே முறை. அமெரிக்க வழி உறவுகள் கிடைப்பவர்கள், குடியேறிகள் வந்திறங்கிய நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவின் கப்பல் பட்டியல்களைப் பார்க்கலாம். 1907க்குப் பிந்தையவற்றில் சொந்த ஊரிலுள்ள நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் இருக்கும்.

தம்பதி கிடைத்தபின் பதிவேட்டுக்கு வர வேண்டும். அரசுக் குடிமைப் பதிவு தெற்கே 1809இலும், சிசிலியில் 1820இலும், பிற பகுதிகள் பலவற்றில் 1866இலும், வெனெத்தோவில் 1871இலும் தொடங்கியது. அதற்கு முந்தையவற்றுக்குக் கத்தோலிக்கக் கோயில் பங்கின் ஞானஸ்நானப் புத்தகங்களே கதி. அவை லத்தீனில் இருக்கும். குடிமைப் பதிவுகளின் படங்களை ‘ஆன்தெனாத்தி’ என்ற இத்தாலிய அரசுத் தளத்திலும் ‘ஃபேமிலிசர்ச்’ தளத்திலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். எல்லா ஊர்களும் எல்லா ஆண்டுகளும் ஏற்றப்படவில்லை. ‘நாத்தி’ என்பது பிறப்பு, ‘மத்ரிமோனி’ திருமணம், ‘மோர்த்தி’ இறப்பு. ஆண்டுக் கடைசியில் பெயர்க் குறிப்புப் பட்டியல் இருக்கும். பத்தாண்டுக்கு ஒரு தொகுப்புப் பட்டியலும் உண்டு. முதலில் அதைத் திறப்பவருக்கு நாள் மிச்சமாகும்.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். பத்திர வாசகம்போல இதுவும் ஒரே அச்சில் வார்த்தது. இருபது பதிவுகளைப் படித்தால் இருபத்தோராவது தானாக வாய்க்கு வரும். ஆண்டு, நாள், மணி எல்லாம் எழுத்தால் எழுதப்பட்டிருக்கும். தந்தையின் பெயருக்கு முன் ‘தி’ என்றிருந்தால் அவர் அப்போது உயிரோடிருந்தார். ‘ஃபூ’ என்றிருந்தால் காலஞ்சென்றவர். 7 என்ற எண்ணோடு ‘ப்ரே’ என்று சேர்த்திருந்தால் அது ஏழாம் மாதமன்று, செப்டம்பர். 8, 9 என்று வருபவை அக்டோபரும் நவம்பரும். நான் இதில் ஏமாந்து ஒரு வாரம் ஜூலைப் பக்கங்களைப் புரட்டினேன். பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாவது பெரிய வசதி. முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை வைப்பது அவர்களிடமும் வழக்கம் (பெயரைக் கொண்டவன் என்பதால்தான் நாமும் பேரன் என்கிறோம்), ஆகவே ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பங்காளிகள் இருப்பார்கள். வெனெத்தோவில் இவர்களைப் பிரித்தறிய ‘தெத்தோ’ என்ற சொல்லுக்குப் பின் குடும்பப் பட்டப்பெயரை எழுதுவதுண்டு. நம் ஊர்ப்பக்கம் வகையறா சொல்வதுபோல.

எல்லாவற்றிலும் மதிப்புள்ளது பிறப்புப் பதிவின் ஓரக் குறிப்பு. 1880இல் பிறந்தவனின் பதிவுக்குப் பக்கத்து வெற்றிடத்தில், அவன் எந்த ஆண்டு எந்த ஊரில் யாரை மணந்தான் என்று பின்னாளில் வேறு மையில் எழுதியிருப்பார்கள். அதைப் பிடித்து அந்த ஊருக்குப் போனால் அடுத்த தலைமுறை கிடைக்கும். ஆண்களுக்கு ‘லிஸ்தே தி லேவா’ என்ற படைச்சேர்ப்புப் பட்டியல்களும் உண்டு; தாய் தந்தை பெயர், தொழில், உயரம், முடியின் நிறம்வரை அவற்றில் இருக்கும்.

இறங்கி வரும்போது ஒரு சுவர் எழும். எழுபது ஆண்டுக்கு உட்பட்ட பிறப்புப் பதிவின் முழுப் படியைப் பிறருக்குத் தரமாட்டார்கள். கொமூனேவுக்கு எழுதினால் பழைய பதிவுகளின் நகல் கிடைக்கும். நான் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் இல்லை. ஆறு வரியில் இத்தாலிய மொழியில் எழுதி, அடையாள அட்டை நகலை இணைத்து, ஒரே ஒரு பதிவை மட்டும் கேட்டபோது மூன்றாவது வாரம் பதில் வந்தது.

அந்தச் சுவரைத் தாண்ட இரங்கல் சுவரொட்டிகள் உதவும். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலிபோலவே இத்தாலியிலும் இறந்தவரின் படத்தோடு சுவரொட்டி ஒட்டுவார்கள். இப்போது அவை இணையத்திலும் வருகின்றன. மனைவி, மக்கள், மருமக்கள் பெயர்கள் வரிசையாக இருக்கும். ‘மரியா ரோஸ்ஸி வேத். பியாங்கி’ என்றால் ரோஸ்ஸி குடும்பத்தில் பிறந்து பியாங்கியின் விதவையானவர். ‘ரோஸ்ஸி இன் பியாங்கி’ என்றால் கணவர் இருக்கிறார். இப்படித்தான் 1940களில் பிறந்த இரு சகோதரர்களிடம் வந்து நின்றோம். இருவரும் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். மூத்தவர் ஜொவான்னி காலமாகியிருந்தார்.

இத்தாலியிலேயே பிறந்து தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு வழி வேறு. 1983ஆம் ஆண்டின் 184ஆம் எண் சட்டப்படி, 25 வயது நிறைந்தவர் சிறார் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். தாய் தன் பெயரை மறைக்கக் கோரியிருந்தாலும், 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த 278ஆம் எண் தீர்ப்புக்குப் பின், இப்போது சம்மதமா என்று நீதிமன்றமே இரகசியமாக அவரைக் கேட்க வழியுண்டு. அவர் மறுத்தால் மறுத்ததுதான்.

முதல் தொடர்பு கடிதமாக, ஒரே பக்கத்தில், இத்தாலிய மொழியில் இருக்கட்டும். அந்நாட்டுச் சட்டம் பிள்ளைகளுக்குச் சொத்தில் கட்டாயப் பங்கு ஒதுக்குகிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்தவருக்கும் அதே உரிமைதான். ஆகவே கடிதத்தைப் பிரித்தவுடன் அவர்களுக்கு எழும் அச்சம் பணத்தைப் பற்றியதாக இருக்கும். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்றால் இரண்டாம் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இருந்தால் கடிதம் எழுதும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். வயதான மனைவிக்கு எழுதாமல் பிள்ளைகளில் ஒருவருக்கு எழுதுவது நல்லது. நண்பர் மூத்தவரின் மகளுக்கு, தம் தாயாரின் படத்தோடு பித்தளைத் தகட்டின் படத்தையும் வைத்து எழுதினார்.

இரு சகோதரர்களில் யார் தந்தை என்பதைப் பதிவேடு சொல்லாது. அந்தப் பெண்மணி அதே நிறுவனத்தில் சோதனை எடுக்க ஒப்புக்கொண்டார். எண் 870ஐ ஒட்டி வந்திருந்தால் இளையவரே தந்தை, அந்தப் பெண்மணி பெரியப்பா மகள் என்று ஆகியிருக்கும். வந்தது 1,790.