தோசைக்கல்லில் கோதுமை பீட்சா: ஈஸ்ட் வேண்டாம், ஓவன் வேண்டாம்

முதலில் மாவு. 2 கப் கோதுமை மாவு, 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். அரை கப் தயிர், 2 டீஸ்பூன் எண்ணெய் விட்டு, தேவைப்பட்டால் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, விரலில் லேசாக ஒட்டும் பதம். புளித்த தயிராக இருந்தால் ரொம்ப நல்லது. அந்தப் புளிப்பும் சோடாவும் சேர்ந்துதான் மாவை உப்ப வைக்கின்றன. மூடி 20 நிமிடம் வையுங்கள்.

அதற்குள் சாஸ். பழுத்த நாட்டுத் தக்காளி நாலை அரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் நாலு பல் பூண்டை நசுக்கிப் போட்டு வதக்கி, தக்காளி விழுது, கொஞ்சம் மிளகாய்த்தூள் சேர்த்துச் சுண்ட விடுங்கள். உப்பைக் குறைத்துப் போடுங்கள், சீஸிலேயே உப்பு இருக்கிறது. அவசரப்படக் கூடாத இடம் இதுதான். கரண்டியால் வாணலி அடியில் ஒரு கோடு இழுத்தால், அது உடனே மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். என் முதல் பீட்சாவில் சாஸ் ரசம் போல ஓடி, நடுப்பகுதி களியாகிவிட்டது. பீட்சா சொதசொதத்தால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

காய்க்கும் அதே கதைதான். வெங்காயம், குடைமிளகாயை மெல்லிசாக நறுக்கினால் போதும். காளான் என்றால் பெரிய தீயில் வதக்கி, ஈரம் வற்றிய பிறகு எடுங்கள். காய் பிடிக்காத பிள்ளை இருந்தால், துருவிய கேரட்டை சாஸோடு வேக விட்டு மசித்துவிடுங்கள்.

மாவை நாலு உருண்டையாக்கி, அடை கனத்துக்குத் தேய்த்து, முள்கரண்டியால் அங்கங்கே குத்துங்கள். கனமான தோசைக்கல்லில் மிதமான தீயில் ஒரு பக்கம் 2 நிமிடம் வேகட்டும். திருப்பிப் போட்டு அடுப்பைச் சிம்மில் வையுங்கள். வெந்த பக்கம் இப்போது மேலே இருக்கும். அதில் சாஸை மெல்லிசாகத் தடவி, காய், ஒரு கைப்பிடி மொசரெல்லா துருவல் தூவுங்கள். சீஸ் இதற்கு மேல் தேவையே இல்லை. காயின் ருசி தெரிய வேண்டும்.

மூடி போட்டு 5, 6 நிமிடம். அடி சிவந்தும் சீஸ் உருகவில்லையென்றால், கல்லின் ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடுங்கள், ஆவியிலேயே உருகிவிடும். எடுத்ததும் தட்டில் வைக்காதீர்கள், அடி வியர்த்துவிடும். ஒரு நிமிடம் கம்பி வலை மேல் வைத்துவிட்டு வெட்டுங்கள்.